எதையெல்லாம் செய்வதை விட்டுவிட்டீர்கள்?

மனநல சிகிச்சைக்காக, அதாவது தெரபிக்காக, என்னிடம் வருகிறவர்களிடம் முதல் சந்திப்பில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது ஆரம்பித்த பிறகு எதையெல்லாம் செய்வதை விட்டுவிட்டீர்கள்?" வந்தவர் கொஞ்சம் யோசிப்பார். லிஃப்டில் ஏறுவதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை, விபத்து நடந்த சாலைப் பக்கமே போவதில்லை. சிலர் குளிப்பதைக்கூட விட்டிருப்பார்கள். பட்டியல் நீளநீள, பிரச்சினை எங்கே வேர் விட்டிருக்கிறது என்று இருவருக்குமே புரிய ஆரம்பிக்கும்.

பதற்றம், மனச்சோர்வு, பழைய மன அதிர்ச்சி மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்றையும் ஆறவிடாமல் வைத்திருப்பதில் இப்படி ஒதுங்கிப் போவதற்குப் பெரிய பங்கு உண்டு. தெரபி என்றால் ஒருவர் பொறுமையாகக் கேட்டு ஆறுதல் சொல்வது என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். ஆறுதல் வேண்டும்தான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அன்று சாயங்காலம் மனசு லேசாகும். மறுநாள் காலை எல்லாம் பழையபடி இருக்கும்.

பேனிக் அட்டாக் வருகிறவரை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நிஜமான ஆபத்தில் செய்யவேண்டியதை உடம்பு ஆபத்தில்லாத இடத்தில் செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே அடங்கிவிடும். அவரோ அதற்குள் வெளியே ஓடிவிடுவார், அல்லது மாத்திரை அட்டையைக் கையில் இறுக்கிக்கொள்வார். 'ஓடி வந்ததால்தான் பிழைத்தேன்' என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை அந்த இடத்தை நினைத்தாலே படபடக்கும்.

இதயம், தைராய்டு போன்றவற்றில் கோளாறு இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, அந்தப் படபடப்பை அறைக்குள்ளேயே வரவழைத்துப் பார்ப்போம். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வேன். அதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதைத் தாளில் எழுதவேண்டும். 'மயங்கி விழுந்துவிடுவேன், 90 சதவீதம் உறுதி' என்று எழுதுவார். ஓடி முடித்தபின் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியர்க்கும், ஆனால் விழமாட்டார். இருவரும் உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடி பார்ப்போம். பல தடவை செய்தபின் அந்த 90 குறையும். அப்புறம்தான் லிஃப்ட். முதலில் கதவு திறந்திருக்கும்போது உள்ளே நிற்பது, பிறகு கூட ஒருவரோடு ஒரு மாடி, பிறகு தனியாக, கடைசியில் மாத்திரை அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டு. எந்தப் படியில் எப்போது கால் வைப்பது என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான்.

இந்த வேலைகளெல்லாம் சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) என்ற, எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை முறையைச் சேர்ந்தவை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காகத் தொடங்கிய வழி அது. மனச்சோர்வில் சிக்கல் வேறு மாதிரி இருக்கும். 'மனசு சரியானதும் எழுந்து வேலையைப் பார்ப்பேன்' என்று காத்திருப்பார்கள். படுத்தே கிடப்பதால் மனசு இன்னும் கனக்கும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். மனசு எப்படி இருந்தாலும் காலையில் எழுந்து ஜன்னல் திரையை விலக்குவது, மாலையில் தெருமுனைவரை நடப்பது என்று நேரம் குறித்துக்கொண்டு செய்ய வைப்போம். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். அந்த நிலையில் இருப்பவருக்கு அது மலை. வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். சோர்வு கடுமையாக இருந்தால் தெரபியோடு மருந்தும் தேவைப்படும், அதில் குறைவு ஒன்றுமில்லை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அதிர்ச்சியைச் சுமந்து வருகிறவர்களுக்கு ஒரே பயம்: 'முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்வீர்களா?' மாட்டோம். கொடுமையான சம்பவம் நடந்த உடனே ஒருவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் வலிந்து பேசச் சொல்வதால் நன்மை இல்லை என்பது இன்று தெரிந்த விஷயம். பலருக்கு முதல் சில வாரங்களில் தானாகவே தேறிவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தக் காட்சி கண்முன் வந்துவந்து போவது எல்லாம் நீடித்தால் சிகிச்சை வேண்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி, அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்களை இருபக்கமும் அசைக்கச் சொல்லும் இஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்யப் பார்ப்போம், நினைவு அலைக்கழிக்கும்போது இந்த அறைக்கு, இந்த நேரத்துக்குத் திரும்பிவரப் பழக்குவோம். பிறகுதான் அந்த நாளைத் தொடுவோம். அங்கே பயத்துக்குப் பக்கத்திலேயே குற்றவுணர்வு உட்கார்ந்திருக்கும். 'நான் அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது' என்று வருடக்கணக்கில் தன்னையே தண்டித்துக்கொண்டிருப்பார்கள். 'வீட்டை விட்டுக் கிளம்பும்போது உங்களுக்கு என்னென்ன தெரியும்?' என்று கேட்டு, தெரிந்ததை மட்டும் வரிசையாக எழுதச் சொல்வேன். அந்தத் தாளில், பின்னால் நடந்ததை முன்கூட்டியே சொல்லும் வரி ஒன்றுகூட இருக்காது. அதை அவரே வாசித்துப் பார்க்கும்போது வருகிற அழுகை வேறு மாதிரியானது. அவசரப்பட்டு அதை நிறுத்தமாட்டேன்.

இந்த வேலை தொடங்கிய புதிதில் சில வாரங்கள் மனசு இன்னும் கலங்கலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது தெரபிஸ்டின் கடமை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிபிடி பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள்வரை போகும். சிறுவயதிலிருந்து தொடர்ந்த கொடுமை என்றால் இன்னும் நாளாகும். நீங்கள் சொல்வது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. அவை எவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். என்ன முறை, எதற்காக, முன்னேற்றத்தை எப்படி அளப்போம் என்பதையும் கேளுங்கள். ஏழெட்டு அமர்வுகள் தாண்டியும் ஒன்றும் மாறவில்லை என்றால் தெரபிஸ்டிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். முறையை மாற்றலாம், வேறொருவரிடமும் போகலாம். அதற்காக எந்தத் தெரபிஸ்டும் உங்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.