அலையாத்திக் காட்டுக்குள்ள போனா மனசு ஏன் லேசாகுது?

ராம்நாடு மாவட்டம் தொண்டி பக்கம் காரங்காட்டுல படகு ஏறி, கடலோர சேத்துல வளர்ற அலையாத்திக் (மாங்குரோவ்) காட்டுக்குள்ள போய்ட்டு வந்தவங்கள கேட்டுப் பாருங்க, பாதிப்பேரு "மனசு லேசாயிருச்சு"ன்னுதான் சொல்வாங்க. ராம்நாடுன்னாலே வானம் பாத்த பூமி, சீமைக்கருவேலம்னு நினைக்கிறவங்களுக்கு இப்படி ஒரு பச்சை இங்க இருக்குறதே தெரியாது. அந்த லேசாகுறது வெறும் வாய்ப்பேச்சு இல்ல, உடம்புல நிஜமாவே நடக்குது.

கடன், வேலை, வீட்டுப் பிரச்சினைன்னு மண்டைக்குள்ள எந்நேரமும் ஓடிக்கிட்டே இருந்தா, சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல்ங்கற மன அழுத்த ஹார்மோனை விட்டுக்கிட்டே இருக்கும், நெஞ்சு படபடக்கும், தோள்பட்டை இறுகும், ராத்திரி தூக்கம் வராது. ஆபத்து வந்தா தப்பிச்சு ஓடுறதுக்காக உடம்பு வச்சிருக்குற ஏற்பாடு இது, மாசக்கணக்கா நிக்காம ஓடுனா உடம்பையே தின்னுரும். மரங்களுக்கு நடுவுல சும்மா உக்காந்தா இது மெல்ல அடங்குது. 2019ல அமெரிக்காவுல எச்சில் எடுத்து அளந்து பாத்தாங்க, இயற்கைக்குள்ள 20லருந்து 30 நிமிஷம் இருக்கும்போதுதான் கார்ட்டிசோல் நல்ல வேகமா இறங்கியிருக்கு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1984ல ரோஜர் உல்ரிச்ங்கற ஆராய்ச்சியாளர் பித்தப்பை ஆபரேஷன் பண்ண 46 பேரோட ரெக்கார்டை எடுத்து ஒப்பிட்டாரு, ஜன்னல்ல மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களைவிட சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க. சின்ன ஆய்வுதான், ஆனா அதுக்கப்புறம் நிறைய பேரை இந்தப் பக்கம் திருப்பி விட்டுச்சு.

பறவை சத்தத்துக்கும் இதுல பங்கு இருக்கு. ஜெர்மனியில 2022ல வந்த ஆய்வுல வெறும் 6 நிமிஷம் பறவை சத்தம் கேட்டவங்களுக்கு பதட்டம் குறைஞ்சிருக்கு, வண்டி சத்தம் கேட்டவங்களுக்கு மனச்சோர்வு கூடியிருக்கு. அதனால காட்டுக்குள்ள ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுட்டுப் போறத தயவுசெஞ்சு விட்ருங்க.

சரி, அந்தப் பறவை அங்க ஏன் வருது? சேத்துல நண்டு, இறால், மீன்குஞ்சு இருக்கு, அதான். அந்த சேத்துக்குள்ள காத்தே கிடையாது, மரத்தோட வேர் மூச்சு விட முடியாம மேல்நோக்கி முளைச்சு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அதோட தோல்ல இருக்குற பொடிப்பொடி துவாரம் வழியாத்தான் காத்து உள்ள போகும். இலை இன்னும் ஆச்சரியம், விரலால தேச்சு நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். உள்ள ஏறுன உப்பை மரம் இலை வழியா வெளிய தள்ளுது, வெயில் நேரத்துல பொடியா படிஞ்சு நிக்கிறது கண்ணுக்கே தெரியும். இப்படி ஒண்ண குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்குறப்ப போன் ஞாபகமே வராது, இழுத்துப் பிடிச்சு வச்சிருந்த கவனத்துக்கு அதுதான் ஓய்வு.

இதெல்லாம் நிக்கிறது கடல்தண்ணி ஏறி இறங்குற ஏத்தவத்தத்தை நம்பித்தான். வாய்க்கால் முகம் மணல் அடைச்சுக்கிச்சுன்னா உள்ள தண்ணி தேங்கும், வெயில்ல வத்தி உப்பு ஏறும், உப்பைத் தாங்குற அலையாத்தியே பட்டுப் போயிரும், மூச்சு வேர் மேல பிளாஸ்டிக்கும் வண்டலும் மூடுனாலும் அதே கதிதான். அப்புறம் நண்டு இல்ல, கொக்கு இல்ல, நீங்க தேடி வந்த அமைதியும் இல்ல.

அதனால வெறும் கன்னு நட்டு போட்டோ எடுக்குறது பத்தாதுன்னு நான் உறுதியா சொல்வேன். பிச்சாவரத்துலயும் முத்துப்பேட்டையிலயும் பட்டுப்போன இடத்துல மீன்முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி, கடல்தண்ணி வந்து போக வழி பண்ணிட்டுத்தான் நட்டாங்க, அது பிடிச்சு வளந்துச்சு. வெட்டுன வாய்க்கால வருஷா வருஷம் தூர் வாரணும், அதுக்கு காசும் ஆளும் வேணும், ஊர்க்காரங்களுக்கு அந்தக் காட்டால பொழப்பு இருந்தாத்தான் அது தொடர்ந்து நடக்கும்.

ஒண்ணு மட்டும், வாரக்கணக்கா தூக்கம் இல்லாம, வாழவே பிடிக்காம இருக்குறவங்கள காட்டுக்கு அழைச்சுட்டுப் போனா மட்டும் போதாது, டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க.