நிறம் வயதைச் சொல்லாது: முதிர்ந்த டெக்கீலாவைச் சுவைக்கும் முன்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தின் துறைமுகமான புவெர்ட்டோ வயார்ட்டாவில் எங்கள் உல்லாசக் கப்பல் நின்று புறப்படும் மாலைகளில், பயணிகளில் பலர் கையில் ஒரு டெக்கீலாப் புட்டியோடுதான் படியேறி வருவார்கள். அவற்றை வாங்கிப் பதிவுசெய்து, பயணம் முடியும்வரை பத்திரமாக வைத்திருப்பது கப்பல் வழக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கப்பல் மதுக்கூடங்களில் பணியாற்றிவிட்டு, இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குச் சுவை மதிப்பீடு கற்றுக்கொடுக்கும் எனக்கு, அந்தப் புட்டிகளைப் பதிவுசெய்யும் அரைமணி நேரம் தவறவிடக்கூடாத ஒன்று. நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பழையது, தொண்டையில் எவ்வளவு வழவழப்பாக இறங்குகிறதோ அவ்வளவு உயர்ந்தது என்ற இரண்டே அளவுகோல்களை வைத்துத்தான் பெரும்பாலோர் வாங்கியிருப்பார்கள். இரண்டுமே நம்பத் தகுந்தவை அல்ல என்பதை நானும் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

பணிக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு பயணி தம் மனைவியின் பிறந்தநாளுக்காக பீப்பாயில் முதிர்ந்த டெக்கீலா வகையான அன்யெஹோவில் நல்லதாக ஒன்றைக் கேட்டார். கருந்தேன் நிறத்தில், கனத்த கண்ணாடிப் புட்டியில் இருந்த ஒன்றை எடுத்து, இதைவிட முதிர்ந்தது இங்கே இல்லை என்று சொல்லி ஊற்றிக்கொடுத்தேன். அவருக்கும் பிடித்துப்போயிற்று. மதுக்கூடம் மூடிய பிறகு, என்னைவிட இருபது வயது மூத்தவரான குவாதலஹாராக்காரச் சக ஊழியர் ஒருவர், அதே புட்டியிலிருந்து சில துளிகளை என் உள்ளங்கையில் விட்டு, இரு கைகளையும் சேர்த்துத் தேய்க்கச் சொன்னார். சாராயம் ஆவியானதும் கையில் எஞ்சியது கேக் கடை வாசனை; விரல்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டின. கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்த வேறொன்றை விட்டார். இம்முறை எஞ்சியது சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் வாசனை. அதன் பின்னால் மெல்லிதாக மரம். "இது செடி, அது மிட்டாய்" என்றார். அவர் எனக்கு நடத்திய வகுப்பு அவ்வளவுதான்.

செடி என்று அவர் சொன்னது, டெக்கீலா வடிக்கப்படும் நீலக் கற்றாழையை. கற்றாழை என்றதும் நம்மவர்கள் சோற்றுக்கற்றாழையை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு குடும்பம். நம் ஊர் வேலியோரங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் முரட்டு மடல்களோடு நிற்கும் ஆனைக்கற்றாழைதான் இதற்கு நெருங்கிய உறவு. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் நிலத்தில் நின்று முதிர்ந்த செடியின் மடல்களை, ஹிமடோர் எனப்படும் அறுவடைக்காரர், நீண்ட கழியின் முனையில் வட்டத் தகடு பொருத்திய கோவா என்னும் கருவியால் செதுக்கித் தள்ளுவார். அன்னாசிப் பழம்போல் எஞ்சும் நடுப்பகுதிக்கு பீன்யா என்று பெயர். அதிலுள்ள மாவுப்பொருளுக்கு நிகரான சேர்மங்கள் அப்படியே நொதிக்காதவை. வேகவைத்தால்தான் அவை பழச்சர்க்கரையாக உடையும். செங்கல் அடுப்பில் இரண்டு மூன்று நாள் நிதானமாக வெந்தாலும் சரி, அழுத்தக் கலத்தில் சில மணி நேரத்தில் வெந்தாலும் சரி, அந்த வேக்காட்டில் பிறக்கும் வாசனையே டெக்கீலாவின் பிறவி வாசனை. விஸ்கிக்கான தானியம் ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாகிவிடுகிறது. அதன் வாழ்வின் பெரும்பகுதி பீப்பாயில்தான் கழிகிறது. டெக்கீலாவோ பீப்பாயைப் பார்ப்பதற்கு முன்பே பல ஆண்டுகளை மண்ணில் கழித்துவிட்டு வருகிறது. ஆகவே, மரம் அந்தச் செடியை மூடி மறைத்துவிட்டால், எத்தனை ஆண்டு முதிர்ந்திருந்தாலும் அதை நல்ல டெக்கீலா என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும். டெக்கீலா என்ற பெயருக்கு 1974 முதல் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், நயரித், குவானஹுவாத்தோ, மிச்சோவகான், தமௌலிபாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் மட்டுமே அதைத் தயாரிக்கலாம். 1994-இல் தொடங்கப்பட்ட டெக்கீலா ஒழுங்குமுறைக் குழுமம் தயாரிப்பைக் கண்காணிக்கிறது. ஓக் மரக் கலனில் குறைந்தது 2 மாதம் இருந்தால் ரெப்போசாடோ, குறைந்தது 1 ஆண்டு இருந்தால் அன்யெஹோ, குறைந்தது 3 ஆண்டு இருந்தால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ. இந்தக் கடைசி வகை 2006-இல்தான் சேர்க்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது "குறைந்தது" என்ற சொல். இரண்டு மாதம் இருந்ததும் பதினோரு மாதம் இருந்ததும் ஒரே ரெப்போசாடோதான். போதாக்குறைக்கு, ரெப்போசாடோவுக்குக் கலனின் கொள்ளளவில் வரம்பு கிடையாது. ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெருங்கலனில் கிடக்கும் சாராயத்தில் மரத்தைத் தொடுவது மிகச் சிறு பங்கே. அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்து காலியான 200 லிட்டர் பீப்பாயில் கிடப்பதோ நாற்புறமும் மரத்தை உரசிக்கொண்டிருக்கும். அன்யெஹோவுக்கும் எக்ஸ்ட்ரா அன்யெஹோவுக்கும் 600 லிட்டர் என்ற உச்சவரம்பு இருப்பதன் காரணம் இதுதான். பீப்பாய் புதியதா, பலமுறை பயன்பட்டுக் களைத்ததா, உட்புறம் எவ்வளவு கருக்கப்பட்டது என்பவையும் சேர்ந்துகொள்ளும். களைத்த பீப்பாயில் மூன்று ஆண்டு கிடந்தது வெளிறியும், புதுப் பீப்பாயில் பதினைந்து மாதம் கிடந்தது செம்பழுப்பாகவும் வெளிவரலாம்.

இயற்கையான இந்த வேறுபாடுகளோடு செயற்கையான ஒன்றும் உண்டு. நிறத்துக்குக் கேரமல், வழவழப்புக்குக் கிளிசரின், மர வாசனைக்கு ஓக் சாறு, இனிப்புக்குச் சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் மெக்சிகோவின் விதிமுறை அனுமதிக்கிறது. மொத்த எடையில் 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் அவற்றை லேபிளில் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு விழுக்காடு என்பது கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் செறிவூட்டப்பட்ட இனிப்பும் வாசனையும் ஒரு புட்டியின் குணத்தையே மாற்ற அதில் ஒரு சிறு பங்கே போதும். இது சட்டமீறலும் அல்ல, உடலுக்குத் தனியாக ஊறு செய்வதும் அல்ல. ஆண்டுகளின் விலையைக் கொடுத்து ஓக் சாற்றை வாங்குகிறோமா என்பதுதான் நம் கேள்வி.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது "100% அகாவே" என்ற வாசகம். அகாவே என்பது அந்தக் கற்றாழைதான். அது இல்லாத புட்டியில், நொதிக்கவைத்த சர்க்கரையில் 49 விழுக்காடுவரை கரும்பு முதலிய வேறு மூலங்களிலிருந்து வந்திருக்கலாம். அடுத்து நோம் (NOM) என்ற எழுத்துகளோடு வரும் நான்கு இலக்க எண். இது தயாரித்த ஆலையின் அடையாளம். வணிகப் பெயர் எதுவானாலும் ஆலை எண் மாறாது. எடுத்துக்காட்டாக, 1139 என்பது அரந்தாஸ் ஊரருகே 1937-இல் தொடங்கப்பட்ட லா அல்தேன்யா ஆலையைக் குறிக்கும். எல் தெசோரோ, தபாத்தியோ என்ற வணிகப் பெயர்கள் இரண்டும் அங்கிருந்து வருபவை. வேறு சில எண்களின் கீழ் டஜன்கணக்கான பெயர்கள் வருகின்றன. பெயருக்கும் புட்டிக்கும் நாம் கொடுக்கும் விலை எவ்வளவு என்று அப்போது யோசிக்கத் தோன்றும். சேர்க்கை உண்டா இல்லையா என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. அதற்கு மூக்கும் நாக்கும்தான்.

என் பயிற்சி வகுப்பில் உப்பும் எலுமிச்சையும் கிடையாது. சிறு ஷாட் குவளையும் கிடையாது. வாய் குறுகி வயிறு லேசாகப் பருத்த காம்புக் குவளையில் 15 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றுவேன். குளிர்ப்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது, குளிரில் வாசனை எழும்பாது. ஒரே ஆலையின் பிளாங்கோ, ரெப்போசாடோ, அன்யெஹோ மூன்றையும் வரிசையாக வைத்து, பீப்பாயைப் பார்க்காத பிளாங்கோவிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் பெரியவனான பிறகு சாடை தெரியும்.

குவளையைச் சுழற்றியதும் ஓரத்தில் இறங்கும் கோடுகளைக் "கண்ணீர்" என்பார்கள். சாராயம் நீரைவிட வேகமாக ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையின் வேலை அது, வயதோடு தொடர்பில்லை. மூக்கைக் குவளைக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி, விளிம்பின் கீழ் ஓரம், நடு, மேல் ஓரம் என மூன்று இடங்களில் தனித்தனியே முகர்ந்தால், சாராயக் காரம் ஒதுங்கி ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு வாசனை பிடிபடும். முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதைப் பத்து விநாடி வாயில் உருட்டி, விழுங்கியோ துப்பியோவிட்டு, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். மரத்திலுள்ள லிக்னின் உடைந்து வனிலா மணமும், ஓக் லாக்டோன்களால் தேங்காய்ச் சாயலும், டானின்களால் கடுக்காயைக் கடித்ததுபோன்ற துவர்ப்பும் வரும். இவற்றுக்கு அடியில் அந்த வெந்த கிழங்கு வாசனையும் மிளகின் சுருக்கும் இன்னும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலனில், சர்க்கரை ஏறாது என்பதை மறக்க வேண்டாம். காய்ச்சி வடித்த சாராயத்தில் இனிப்பு ஏதும் கிடையாது. பீப்பாய் தருவதும் மிகச் சொற்பமே. ஆகவே நாக்கின் நுனியில் மிட்டாய்போல் தித்தித்து, துவர்ப்பே இல்லாமல், உதட்டில் பிசுபிசுத்தால் சந்தேகப்படலாம். வனிலா மணம் மட்டும் இருப்பது சான்றாகாது, ஓக்கும் அதைத் தரும். உள்ளங்கைச் சோதனையும் ஒரு குறிப்புதான். நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. முதிர்ந்த டெக்கீலாவைக் கரி வழியாக வடிகட்டி நிறத்தை நீக்கி விற்கும் கிறிஸ்டலினோ என்ற வகை இப்போது பரவலாகியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மரத்தில் வைத்துவிட்டு, மரம் கொடுத்ததை வடிகட்டுவானேன் என்று எனக்குத் தோன்றும், விருந்தினரிடம் சொல்வதில்லை.

ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கற்றாழையில் செய்ததால் டெக்கீலா நீரிழிவுக்காரர்களுக்குக் கெடுதி செய்யாது என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. செடியில் இருக்கும் அகாவின் என்ற சேர்மத்தைப் பற்றி எலிகளிடம் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. வடித்த சாராயத்தில் அகாவின் வருவதே இல்லை. 40 விழுக்காட்டு டெக்கீலா 30 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 9.5 கிராம் எத்தனால் இருக்கிறது, வேறெந்தச் சாராயத்திலும் இருக்கும் அதே எத்தனால். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பழையது, விலையுயர்ந்தது என்பதற்காக ஈரல் சலுகை காட்டாது. ஆறு மாதிரிகளைச் சுவைக்கும் வகுப்பில் எல்லாவற்றையும் விழுங்கினால் 90 மில்லிலிட்டர் உள்ளே போயிருக்கும். அதனால் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு துப்புக் குவளை வைக்கிறேன். துப்புவதற்குக் கூச்சப்படுபவரை மறுவகுப்புக்குச் சேர்ப்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் குவளைகளைக் கழுவ விடமாட்டேன். அவற்றை அப்படியே கவிழ்க்காமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை, இரவில் சுவைத்தவர்களையே வரச்சொல்லி, காய்ந்த குவளைகளை ஒவ்வொன்றாக முகரச் சொல்வேன். சென்ற மாத வகுப்பில், எல்லாரும் முந்தைய இரவு முதலிடம் கொடுத்திருந்த அடர்பழுப்பு டெக்கீலாவின் குவளையில் ஐஸிங் சர்க்கரை வாசனை மட்டுமே கிடந்தது. கடைசி இடத்துக்குத் தள்ளிய வெளிறிய ரெப்போசாடோவின் குவளையை முகர்ந்த பெண், நிமிராமல் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, "சார், இதுல கிழங்கு இன்னும் வெந்துக்கிட்டே இருக்கு" என்றாள்.