எம்.எஸ். ப்ளூ புடவை பிரிண்டில் ஏன் கத்திரிப்பூ நிறமாகிறது?

தி.நகரில் எடுத்த பட்டுப்புடவை, எம்.எஸ். ப்ளூ. அதைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் எடுத்த படம் மொபைலில் பளிச்சென்று இருக்கும். அதையே வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரில் போட்டால் நீலம் கத்திரிப்பூ பக்கம் சாய்ந்து, முகம் லேசாகச் சிவந்து, மொத்தப் படமும் ஒரு சுற்று இருட்டாக வெளியே வரும். உடனே பிரிண்டரைத் திட்டுவோம், ஹெட் கிளீனிங் போடுவோம், விலை கொடுத்து வாங்கிய இங்க், கழிவு மையை உறிஞ்ச பிரிண்டருக்குள் இருக்கும் வேஸ்ட் பேடுக்குப் போகும். ஆனால் பிரிண்டர் மேல் பெரும்பாலும் குற்றமே இருக்காது. நாம் கொடுத்த எண்களை அது தனக்குத் தெரிந்த விதத்தில் மையாக மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆமாம், எண்கள். படக் கோப்புக்குள் நிறம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள், அதுதான் இருக்கிறது. போனில் அம்மா "ரெண்டு கரண்டி எண்ணெய் விடு" என்று சொன்னால் எந்தக் கரண்டி என்று தெரியாதவரை அளவு தெரியாது இல்லையா, அதே கதைதான். நீலம் 200 என்றால் உங்கள் மொபைல் திரையில் ஒரு நீலம், ஆபீஸ் மானிட்டரில் வேறு நீலம், பிரிண்டரில் மூன்றாவது நீலம். எந்தக் கரண்டி என்று சொல்கிற சின்னக் கோப்புக்குத்தான் கலர் புரொஃபைல் என்று பெயர்.

1993-இல் அடோபி, ஆப்பிள், கோடக், அக்ஃபா, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட கம்பெனிகள் கூடி இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம் என்ற அமைப்பைத் தொடங்கின. ஐசிசி புரொஃபைல் என்ற பெயரில் இருக்கும் ஐசிசி இதுதான். அவர்கள் எடுத்துக்கொண்ட வழி ரொம்ப எளிமையானது. பத்து கேமராவுக்கும் பத்து பிரிண்டருக்கும் ஜோடி ஜோடியாகக் கணக்குப் போட்டால் நூறு கணக்கு வேண்டும். நடுவில் எந்தக் கருவிக்கும் சொந்தமில்லாத ஒரு பொது அளவுமுறையை வைத்துவிட்டால் இருபது போதும். அந்தப் பொது அளவுமுறைகளில் ஒன்று லேப் (ஸ்டுடியோ லேப் இல்லை, இது வேறு). எவ்வளவு வெளிச்சம், பச்சையிலிருந்து சிவப்பு வரை எங்கே, நீலத்திலிருந்து மஞ்சள் வரை எங்கே என்று மூன்று அச்சுகள். மனிதக் கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்று ஆட்களை உட்கார வைத்து அளந்து 1931-இல் ஒரு அளவுமுறை உருவாக்கினார்கள். அதிலிருந்து 1976-இல் பிறந்தது லேப். ஆக, படத்தின் புரொஃபைல் அதன் எண்களை லேபுக்குக் கொண்டுபோகும், பிரிண்டரின் புரொஃபைல் லேபிலிருந்து பிரிண்டர் எண்ணுக்குக் கொண்டுவரும்.

படத்தின் பக்கம் பெரிய தலைவலி இல்லை. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற புரொஃபைல்தான் இன்றைக்கும் பெரும்பாலான படங்களில் இருக்கிறது. ஐபோன் 7 முதல் ஐபோன்களில் டிஸ்ப்ளே பி3 என்ற, இன்னும் கொஞ்சம் அதிக நிறங்கள் அடங்கும் புரொஃபைல். எந்த புரொஃபைல் இருக்கிறதோ அதை அழிக்காமல் வைத்திருந்தால் போதும். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு அகலமான புரொஃபைலுக்கு மாறினால் பிரிண்ட் அள்ளும் என்று யாராவது சொன்னால், வீட்டுப் பிரிண்டுக்கு அது கடைசிக் கவலை என்பேன்.

வேலை இருப்பது பிரிண்டர் பக்கம்தான். பிரிண்டர் புரொஃபைல் தயாரிக்கும்போது முதலில் எல்லா நிறத் திருத்தத்தையும் அணைத்துவிட்டு, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் கொண்ட ஒரு சார்ட்டை பிரிண்ட் போடுவார்கள். காய விடுவார்கள். அப்புறம் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவியால் ஒவ்வொரு கட்டமும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பார்கள். இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த லேப் நிறம் வந்தது என்று ஒரு அட்டவணை கிடைக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பி, இந்த லேப் நிறம் வேண்டுமென்றால் எந்த எண்ணைக் கொடுக்கணும் என்று இன்னொரு அட்டவணை. கட்டங்களுக்கு நடுவில் வரும் நிறங்களை மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும்.

இப்படி அளந்தது அந்த பிரிண்டர், அந்த இங்க், அந்த பேப்பர், டிரைவரில் (கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) தேர்ந்தெடுத்த அந்த மீடியா டைப், அதாவது பேப்பர் வகை, என நான்கும் சேர்ந்த நிலையை. ஒன்று மாறினாலும் அட்டவணை பொய்யாகிவிடும். டிரைவரோடு வரும் புரொஃபைல்கள் எல்லாம் கம்பெனியின் சொந்த இங்க், சொந்த பேப்பருக்கானவை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பேர் தெரியாத ரீஃபில் இங்கையும், ஆண்டர்சன் தெருவில் மலிவாகக் கிடைத்த கிளாஸி பேப்பரையும் போட்டுவிட்டு அந்த புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் பலன் இருக்காது. மலிவு பேப்பர் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு புரொஃபைல் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அளக்கும் கருவிதான் விலை, யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது. பலன் முதலில் தெரிவது சாம்பல் நிறத்திலும் தோல் நிறத்திலும்தான். வீட்டுப் பிரிண்டரில் சாம்பல் என்பது பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் கலந்து வருவது, எனவே ஒன்று கொஞ்சம் கூடினாலும் உடனே கலர் அடிக்கும். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை பிரிண்ட் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி, அந்தப் புடவைக்கு வருவோம். திரை ஒளியை உமிழ்கிறது, நீலத்துக்கென்றே தனிப் புள்ளி வைத்திருக்கிறது. பிரிண்டரில் பொதுவாக நீல மை கிடையாது. சயான் மேல் மெஜந்தா போட்டுத்தான் நீலம் வரணும். மெஜந்தா மை பச்சை ஒளியை மட்டும் விழுங்கினால் போதும், ஆனால் நிஜ மை கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்குகிறது. சயானும் அவ்வளவு சுத்தமில்லை. அதனால் திரையில் தெரிகிற அழுத்தமான நீலம் பிரிண்டரின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதை எல்லைக்குள் இழுக்கும்போது இன்னொரு வில்லங்கம் வருகிறது. நீலப் பகுதியில் லேப் அளவுமுறையே கொஞ்சம் கோணல். சாயலை மாற்றாமல் அடர்த்தியை மட்டும் குறைக்கிறோம் என்று அது கணக்குப் போடும், நம் கண்ணுக்கு மட்டும் அது ஊதாவாகத் தெரியும். நல்ல புரொஃபைல் மென்பொருள்கள் அந்த இடத்தில் தனியாகத் திருத்தம் செய்கின்றன, எல்லாம் செய்வதில்லை. (மயில் கழுத்துப் புடவை கேட்காதீர்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நெய்தது, கோணத்துக்குக் கோணம் மாறும். அதற்கு எந்த புரொஃபைலும் பொறுப்பாகாது.)

எல்லைக்குள் எப்படி இழுப்பது என்பதை நீங்களே சொல்லலாம், பிரிண்ட் விண்டோவில் ரெண்டரிங் இன்டென்ட் என்று இருக்கும். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் போட்டால் உள்ளே இருக்கும் நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நிற்பவற்றை மட்டும் விளிம்பில் கொண்டுவந்து ஒட்டும். முகங்கள் நன்றாக வரும், ஆனால் புடவை மடிப்பில் இருந்த நீல வித்தியாசங்கள் ஒரே திட்டாகிவிடலாம். பெர்செப்சுவல் எல்லாவற்றையும் சேர்த்து மெல்ல உள்ளே நகர்த்தும், மடிப்பு தப்பிக்கும், மொத்தப் படம் ஒரு துளி மங்கும். முகத்துக்கு முன்னது, பட்டுக்குப் பின்னது என்பது என் பழக்கம். மற்ற இரண்டு இன்டென்ட்களை வீட்டில் தொட வேண்டியதில்லை.

இப்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஃபோட்டோஷாப்பில் நிறத்தை ஃபோட்டோஷாப்பே கவனிக்கட்டும் என்று கொடுத்து புரொஃபைலையும் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைக்க மாட்டார்கள். திருத்திய எண்ணை டிரைவர் மறுபடி திருத்தும். முகமெல்லாம் மெஜந்தா அடிப்பதற்கும் படம் கன்றிப்போவதற்கும் அடிக்கடி இதுதான் காரணம். எப்சன் டிரைவரில் கஸ்டம் போய் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட், கேனான் டிரைவரில் கலர் மேட்சிங் இடத்தில் நன் (None). இந்தப் பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். இதெல்லாம் வேண்டாம், ஒரிஜினல் இங்க், ஒரிஜினல் பேப்பர்தான் போடுகிறேன் என்றால் பிரிண்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள், தப்பே இல்லை. இருவரில் ஒருவர்தான் திருத்தணும்.

அதோடு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) படத்தைச் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) ஆக்கிக் கொடுக்காதீர்கள். சிவகாசி ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பும்போது அது சரி. வீட்டு பிரிண்டரின் டிரைவர் எதிர்பார்ப்பது ஆர்ஜிபி எண்களை, மைகளாகப் பிரிக்கிற வேலையை அதுவே செய்துகொள்ளும்.

படம் இருட்டாக வருவதற்கும் புரொஃபைலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. மானிட்டர் ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்திருப்பார்கள். பிரிண்டோடு ஒப்பிட 80 முதல் 120 போதும். அந்த எரிகிற திரையைப் பார்த்துக்கொண்டு படத்தைக் கறுப்பாக்குவோம், பேப்பரில் இன்னும் கறுக்கும். கறுப்பு விஷயத்திலும் பேப்பர் ஏழைதான். நல்ல கிளாஸியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் சுமார் 200 மடங்கு, பளபளப்பில்லாத மேட் பேப்பரில் 40 மடங்கு வந்தாலே சந்தோஷப்படலாம், சாதாரண மானிட்டரிலோ 1000 மடங்கு.

பிரிண்ட் வந்த கையோடு ட்யூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். அச்சுத்துறை நிறம் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் தரம் 5000 கெல்வின் வெளிச்சம் (எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் பக்கம் போகும்), நம் வீட்டு எல்இடி பெரும்பாலும் 6500, அதிலும் மலிவு பல்புகளில் சிவப்பு குறைவு. காலையில் பால்கனியில், நேர் வெயில் படாத இடத்தில் பாருங்கள். டை இங்க் (சாய மை) காய்ந்து நிறம் நிலைக்க ஒரு ராத்திரி கொடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். புரொஃபைல் சார்ட்டை அந்த மாதங்களில் போடுவதாக இருந்தால் மறுநாள்தான் அளக்கணும், மீதி பேப்பரை பாக்கெட்டோடு ஜிப் கவரில் போட்டு மூடி வைக்கணும். பேப்பர் பிராண்டோ இங்க் பிராண்டோ மாறிய அன்றைக்கு சார்ட்டை மறுபடி போட வேண்டியிருக்கும், அதனால் பிடித்துப்போன பேப்பரை நாலைந்து பாக்கெட்டாகச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.