மேல்தளம் யாருக்குச் சொந்தம்? ஐரோப்பியப் புறநகர்கள் உருவான விதம்

லண்டனின் வடமேற்கே உள்ள ஹாரோவிலும், பாரிசின் வடக்கு எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லா கூர்நெவிலும் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். இரண்டுமே புறநகர்கள். ஆயினும் ஹாரோவில் வீடு வாங்கிக் குடிபுகுவது லண்டன்வாசியின் பார்வையில் வாழ்க்கையில் ஒரு படி ஏறியதற்கு அடையாளம். முன்னால் சிறு தோட்டம், பின்னால் பெரிய தோட்டம், நடுச்சுவரை அண்டை வீட்டுடன் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு என்பதே அங்கே புறநகரின் உருவம். பாரிசிலோ புறநகரைக் குறிக்கும் 'பான்லியூ' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது நெடிய கான்கிரீட் குடியிருப்பு வரிசைகளும் வேலையின்மையும்தான். நெய்யி, வெர்சாய் போன்ற செல்வந்தர் வாழும் ஊர்களும் பாரிசின் புறநகர்களே என்றாலும், அவற்றைப் பேச்சுவழக்கில் யாரும் 'பான்லியூ' என்று அழைப்பது அரிது.

ஆங்கிலேயருக்குத் தோட்டம் பிடிக்கும், பிரெஞ்சுக்காரருக்கு நகரச் சந்தடி பிடிக்கும், ஜெர்மானியருக்கு வாடகை வீடே போதும் என்று இந்த வேறுபாட்டை மக்களின் சுபாவத்தால் விளக்குவது வழக்கம். இந்த விளக்கம் எளிதானது. ஆனால் சான்றுகளோடு பொருந்துவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரான்சின் தேசிய மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நகரவாசிகளிடம் எத்தகைய வீட்டை விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, மிகப் பெரும்பான்மையோர் தோட்டத்துடன் கூடிய தனி வீட்டையே விரும்புவதாகக் கூறினர். அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் பாரிசைச் சுற்றி அரசு எழுப்பியவை பெரும்பாலும் அடுக்குமாடிகள். எனவே ஒரு நாட்டு மக்கள் எங்கே, எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய ஆசையைவிட வேறு சில காரணங்களே தீர்மானிக்கின்றன என்று கொள்ள வேண்டியிருக்கிறது. அக்காரணங்களுள் கோட்டைச்சுவர், ரயில், கடன் ஆகியவற்றைப் பலரும் பேசுகிறார்கள். அதிகம் பேசப்படாத நான்காவது காரணம் சொத்துச் சட்டம். என் கணிப்பில் அதுவே எல்லாவற்றிலும் ஆழமானது.

நகரம் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மனிதர்கள் எக்காலத்திலும் எந்நாட்டிலும் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்தில் செலவிடுகிறார்கள் என்ற கருத்தை இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் விரிவாக எடுத்துரைத்தார். போவதற்கு அரை மணி, வருவதற்கு அரை மணி என்று கொண்டால், மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும் மனிதனின் நகரம் மையத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் விரிய இயலாது. பழைய ஐரோப்பிய நகரங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்ளேயே நெருங்கிக் கிடந்தன. மணிக்கு 30 கிலோமீட்டர் செல்லும் ரயில் வந்தபின், அதே அரை மணியில் எட்டக்கூடிய நிலப்பரப்பு முப்பத்தாறு மடங்காகப் பெருகியது. அந்தப் புதிய பரப்பில் யார் குடியேறினார்கள் என்பதில்தான் நாடுகள் பிரிந்தன.

லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயிலை 1863இல் ஓட்டிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே, தன் பாதையை வெட்டவெளிக்கு நீட்டி 1880இல் ஹாரோவை அடைந்தது. பாதைக்காக வாங்கிய நிலத்தில் எஞ்சியதைப் பிற ரயில் நிறுவனங்கள் விற்றாக வேண்டியிருந்தபோது, இந்நிறுவனத்துக்கு மட்டும் அந்நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு வீடுகள் எழுப்ப அனுமதி இருந்தது. 1915இல் 'மெட்ரோலேண்ட்' என்ற பெயரை உருவாக்கி, வயல்வெளிக்கு நடுவே வீடு, வாசலில் ரயில் என்று விளம்பரம் செய்தது. 1919இல் வீட்டுமனைகளுக்கெனத் தனி நிறுவனமே தொடங்கப்பட்டது. வீட்டை விற்பவரும் பயணச்சீட்டை விற்பவரும் ஒருவரே ஆகிவிட்டால் நகரம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். இதனுடன் கடனும் சேர்ந்தது. சிறுசேமிப்புகளைத் திரட்டி வீட்டுக்கடன் தரும் 'பில்டிங் சொசைட்டி' அமைப்புகள் பிரிட்டனில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. 1932இல் இங்கிலாந்து வங்கி தன் வட்டி விகிதத்தை 2 சதவீதமாகக் குறைத்தபின் எழுத்தர்களும் ஆசிரியர்களும்கூட மாதத் தவணையில் வீடு வாங்கினார்கள். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 40 லட்சம் வீடுகள் கட்டப்பட்டன. விளைநிலங்கள் விழுங்கப்படுவதைக் கண்டு அஞ்சி, லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் காக்கும் சட்டம் 1938இல் வந்தது.

பாரிசின் கதை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. ஆங்கில நகரங்கள் அந்நியப் படையெடுப்பை அஞ்சாமல் சுவரைக் கடந்து நெடுங்காலமாக வளர்ந்துவந்த நிலையில், பாரிஸ் 1840களில்கூடப் புதிய கோட்டைச்சுவர் ஒன்றை எழுப்பியது. அதன் இடிப்பு 1919க்குப் பின்னரே தொடங்கியது. நகருக்குள் வரும் மது, உணவு, விறகு ஆகியவற்றின்மீது வாயிலில் வசூலிக்கப்பட்ட சுங்கம் 1943 வரை நீடித்தது. சுவருக்கு வெளியே வாழ்ந்தால் செலவு குறைவு. ஆகவே ஏழைகளும் தொழிற்சாலைகளும் வெளியே திரண்டன. 1900இல் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவை, நகர நிர்வாகம் தன் எல்லைக்குள் வாழ்பவர்களுக்காகவே வடிவமைத்தது. சுரங்கங்கள் சிறியவை, நிலையங்கள் நெருக்கமானவை, தேசிய ரயில்கள் அதற்குள் நுழைய இயலாது. முதல் பாதைகள் யாவும் நகர வாயிலோடு நின்றன, 1934இல்தான் மெட்ரோ எல்லையைத் தாண்டியது. லண்டன் மெட்ரோ நடுத்தர வகுப்பை வெளியே அழைத்துச் சென்ற அதே தலைமுறையில், பாரிஸ் மெட்ரோ அவ்வகுப்பை உள்ளேயே தக்கவைத்தது. 1850களிலும் 60களிலும் பாரிசைத் திருத்தியமைத்த அரசு நிர்வாகி ஓஸ்மான் நகரின் நடுவே அகன்ற சாலைகளையும் பூங்காக்களையும் வசதியான அடுக்கு வீடுகளையும் அமைத்திருந்ததால், உள்ளே இருப்பவர் வெளியேறக் காரணமும் குறைவாகவே இருந்தது.

மேற்கு ஐரோப்பாவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், நிலக்கரிப் புகை கிழக்குப் பகுதிகளின்மேல் படிந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டனின் கிழக்குப் பகுதி ஏழ்மைக்கும், இரு நகரங்களின் மேற்குப் பகுதிகள் செல்வத்துக்கும் பெயர்பெற்றதில் அந்தப் புகைக்கும் பங்குண்டு. புகை போய்விட்டது; மேற்கின் நிலமதிப்பு போகவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தை மட்டும் ஒருவர் சொந்தமாக வைத்திருக்க முடியுமா? இன்று இயல்பாகத் தோன்றும் இந்த ஏற்பாடு சட்டத்துக்குப் பெரும் சிக்கல். நிலத்துக்கு உரியவனே அதன்மேல் நிற்கும் எல்லாவற்றுக்கும் உரியவன் என்பது ரோமானியச் சட்டத்தின் அடிப்படை. அந்தரத்தில் இருக்கும் ஒரு தளத்துக்குத் தனி உரிமையாளர் இருந்தால், கூரை ஒழுகும்போது செலவு யாருடையது, படிக்கட்டு இடிந்தால் யார் கட்டுவது என்பதற்கெல்லாம் விதி வேண்டும்.

ஸ்காட்லாந்து இதற்குத் தன் வழக்காற்றிலேயே விடை கண்டிருந்தது. எடின்பரோவில் 17ஆம் நூற்றாண்டிலேயே பல அடுக்குக் கல் கட்டடங்கள் எழுந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் தனி உரிமையாளர், பொதுப் பகுதிகளுக்குத் தெளிவான கடமைகள். மேலும், நிலத்தை வாங்கியவர் பழைய நிலவுடைமையாளருக்கு ஆண்டுதோறும் நிரந்தரக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், சிறு மனையில் பல வீடுகளை அடுக்குவதே ஆதாயமாக இருந்தது. இங்கிலாந்துச் சட்டத்திலோ, பராமரிப்புச் செலவில் பங்கு தருவது போன்ற கடமையை நிலத்தை அடுத்தடுத்து வாங்குபவர்மீது சுமத்த வழியில்லை. அதனால் அடுக்கு வீட்டை முழு உரிமையாக விற்காமல் 99 ஆண்டு, 125 ஆண்டு என்று நீண்ட குத்தகைக்கே விட்டார்கள். முழு உரிமை வேண்டுமென்றால் மண்ணில் நிற்கும் வீட்டைத்தான் வாங்க வேண்டும். இதைச் சரிசெய்ய 2002இல் கொண்டுவரப்பட்ட, அடுக்கு வீட்டுக்கும் முழு உரிமை தரும் 'காமன்ஹோல்ட்' முறையை மிகச் சிலரே பின்பற்றியுள்ளனர். ஒரே அரசின்கீழ் இருந்தும், ஒரே காலத்தில் ரயில் பெற்றும், கிளாஸ்கோ அடுக்குகளாகவும் மான்செஸ்டர் வரிசை வீடுகளாகவும் வளர்ந்ததை இரு மக்களின் ரசனையை வைத்து விளக்குவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. தளவாரி உரிமை, அதாவது தளத்துக்குத் தளம் தனி உரிமையாளர், கொண்ட பழைய வீடுகள் ஓயாத வழக்குகளுக்கு இடமானதைக் கண்ட சட்ட அறிஞர்கள், 1900இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத்தொகுப்பில் அவ்வுரிமை புதிதாக உருவாவதைத் தடுத்துவிட்டார்கள். அடுக்குமாடியில் வாழ்ந்த பெர்லின்வாசிக்கு வாடகைக்கு இருப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. 1951இல்தான் தனித் தளத்தை வாங்க அங்கே சட்டம் இடமளித்தது. ஆஸ்திரியாவில் 1948இலும் சுவிட்சர்லாந்தில் 1965இலும் அது நிகழ்ந்தது. அதற்குள் வாடகைதாரரைக் காக்கும் விதிகளும், கூட்டுறவு வீட்டுச் சங்கங்களும், அரசு மானியத்தில் எழுந்த வாடகைக் குடியிருப்புகளும் உறுதிப்பட்டுவிட்டன. இன்றும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மக்களில் பாதிக்கும் குறைவானோரே சொந்த வீட்டில் வாழ்கிறார்கள்.

தெற்கே இதற்கு எதிரான விளைவு ஏற்பட்டது. கிரேக்கம் 1929லேயே தளவாரி உரிமைச் சட்டத்தை இயற்றியது. பின்னர் மனைக்காரர் நிலத்தைத் தருவதும், கட்டுநர் அதற்கு ஈடாகச் சில வீடுகளைத் தந்துவிட்டு மற்றவற்றை விற்றுக்கொள்வதுமான ஏற்பாடு பரவி, வங்கிக்கடன் அதிகம் இல்லாமலேயே ஏதென்ஸ் முழுவதும் அடுக்குமாடியாக மாறியது. ஸ்பெயினில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை உயரவிடாமல் கட்டிப்போட்டதால், வாடகைக்குக் கட்டுவதில் இலாபம் இல்லாமல் போனது. 1960ஆம் ஆண்டின் தளவாரி உரிமைச் சட்டம் வந்தபின் கட்டுநர்கள் அடுக்கு வீடுகளைத் தனித்தனியே விற்கத் தொடங்கினர். இன்று ஸ்பெயின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அடுக்கு வீட்டில் வாழ்கிறார்கள். அவ்வீடுகளில் பெரும்பாலானவை சொந்தமானவை. அயர்லாந்திலோ பத்தில் ஒன்பது பேர் தனி அல்லது வரிசை வீட்டில் வாழ்கிறார்கள்.

மக்கள் நெருக்கம்தான் அடுக்குமாடியை உண்டாக்குகிறது என்று கருதுவோருக்கு நெதர்லாந்து நல்ல மறுப்பு. சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழும் அந்நாட்டில் ஐந்தில் நான்கு பேர் அடுக்குமாடியில் வாழ்வதில்லை. அவர்களுக்குத் தேர்வு பெரும்பாலும் ஒட்டிக்கட்டிய வரிசை வீடு. பெல்ஜியத்தில் மனிதன் வயிற்றில் செங்கல்லோடு பிறக்கிறான் என்று ஒரு வழக்கு உண்டு. அந்தச் செங்கல்லை அரசே ஊட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்: 1869 முதல் தொழிலாளருக்கு மலிவான ரயில் சலுகைச் சீட்டு, 1886ஆம் ஆண்டுத் தொழிலாளர் கலவரங்களுக்குப் பின் 1889இல் மலிவு வீட்டுக்கடன். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவர் நகரில் திரளாமல் மாலையில் தம் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் திரும்பிவிட்டால் புரட்சி எண்ணம் பரவாது என்பது ஆட்சியாளரின் கணக்கு. சாலையோரமாகவே நீண்டுகொண்டு செல்லும் இன்றைய பெல்ஜிய ஊர்கள் அக்கணக்கின் எச்சம்.

வியன்னா இதற்கு எதிர்முனை. 1919 முதல் 1934 வரை ஆண்ட சமூக ஜனநாயக நகராட்சி, பெரிய வீடுகளுக்கு மிகக் கூடுதலாக விதித்த வரியைக் கொண்டு 60,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹாப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1,382 வீடுகளுடன் சலவைக்கூடமும் குழந்தைகள் பள்ளியும் நூலகமும் அதில் இருந்தன. இத்தகைய குடியிருப்புகள் ஏழைகளுக்கென்று ஒதுக்கப்படாமல் நடுத்தர வருவாயினருக்கும் திறந்திருந்ததால், நகராட்சி வீட்டில் வாழ்வது அங்கே இழிவாகக் கருதப்படுவதில்லை.

லா கூர்நெவில் எழுந்த 'நாலாயிரம்' என்ற குடியிருப்பும் நல்ல நோக்கத்தோடுதான் பிறந்தது. 1954ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் வீடற்றோர் இறந்தது பிரான்சை உலுக்கிய பின்னர், குழாய்நீரும் குளியலறையும் வெப்பமூட்டலும் கொண்ட வீடுகளை விரைவாகக் கட்டும் முனைப்பு வலுத்தது. தகரக் குடிசையிலிருந்து வந்தவர்களுக்கு அவை உண்மையிலேயே வரமாக இருந்தன. பிழை கட்டட வடிவில் மட்டும் இல்லை. வேலையும் ரயிலும் தொலைவில் இருந்தன. சில ஆண்டுகளிலேயே வசதி படைத்தோர் அரசு தந்த கடனுதவியால் தோட்ட வீடுகளுக்கு நகர்ந்தனர். நகர இயலாதவர்களும் புதிதாக வந்த குடியேறிகளும் எஞ்சினர். 1973இல் அரசு இத்தகைய பெருங்குடியிருப்புகள் கட்டுவதை நிறுத்தியது. 1986இல் 'நாலாயிரத்தின்' ஒரு கட்டட வரிசை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கிழக்கு ஐரோப்பாவின் அடுக்குகள் அதே காலத்தவை, பெரும்பாலும் அதே கான்கிரீட் பலகைகளால் ஆனவை. ஆனால் அங்கே மருத்துவரும் ஆலைத் தொழிலாளியும் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்தனர். 1990களில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்கப்பட்டன. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவின் பெத்ர்ஜால்கா பகுதியில் இன்றும் சுமார் ஒரு லட்சம் பேர் சாதாரண நடுத்தர வாழ்க்கை வாழ்கிறார்கள்.

ஒருமுறை அமைந்த வடிவம் எளிதில் மாறுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் வீடுகள் மொத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். ஆகவே இன்று வீடு தேடுபவர் தம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சட்டமும் ரயிலும் விட்டுச்சென்றவற்றிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார். அந்தச் சூழலில் வளரும் பிள்ளைக்கு அதுவே இயல்பான வீடாகத் தோன்றுகிறது. ரசனை உண்மையானதுதான், ஆனால் அது பெரும்பாலும் காரணமாக இல்லாமல் விளைவாகவே பிறக்கிறது.

பாரிசில் இப்போது நடந்துவரும் பணியை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். 'கிராண்ட் பாரிஸ் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு, 68 நிலையங்களுடன், புறநகரைப் புறநகரோடு இணைக்கும் தானியங்கி மெட்ரோ கட்டப்படுகிறது. அதன் ஒரு பகுதி 2024இல் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புறநகர்க் கலவரங்கள் தொடங்கிய கிளிஷி சூ புவா, பாரிசின் நடுவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருந்தும் நெடுங்காலம் ரயில் நிலையம் இல்லாமல் இருந்த ஊர். அதற்கும் லா கூர்நெவுக்கும் இத்திட்டத்தில் நிலையங்கள் உண்டு. அரை மணிக் கணக்கு அங்கே மாறும்போது நிலமதிப்பும் மாறும். அந்த உயர்வு ஹாரோவில் நடந்ததுபோல் குடியிருப்பவர் கைக்குச் சேருமா, அல்லது அவர்களை இன்னும் தொலைவுக்குத் தள்ளுமா என்பது அங்கே வாடகை வீடுகள் எத்தனை காக்கப்படுகின்றன, யாருக்கு எந்தத் தளம் சொந்தமாகிறது என்பதைப் பொறுத்தது.