ஸ்னைப்பரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பிரதமர் ஒரு ஊருக்கு வருகிறார் என்றால், 'உயரமான கட்டடங்களின் மாடிகளில் ஸ்னைப்பர் வீரர்கள் நிறுத்தப்பட்டுள்ளனர்' என்று செய்தி வரும். உக்ரைன் போர்ச் செய்தியிலும் ஸ்னைப்பர் வருவார். முன்னவர் காவலர், பின்னவர் சிப்பாய். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியை விட்டால், இந்த இருவர் பார்க்கும் வேலையில் பொதுவானது குறைவு.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்னைப் என்பது ஒரு பறவை, நம்மூரில் உள்ளான். குளிர்காலத்தில் வலசை வந்து, சேற்று வயல்களில் மண் நிறத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். காலடி பக்கத்தில் விழும்வரை இருப்பதே தெரியாது. எழும்பினாலோ நேராகப் பறக்காமல் வளைந்து வளைந்து பாயும். அதைச் சுட்டு வீழ்த்துவது லேசான காரியமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்த வேட்டையைத்தான் 'ஸ்னைப்பிங்' என்றார்கள். 1820-களில் 'ஸ்னைப்பர்', மறைவிலிருந்து மனிதரைச் சுடுபவரையும் குறிக்கத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பொருளே நிலைத்துவிட்டது.

ராணுவ ஸ்னைப்பருக்குச் சுடுவது பாதி வேலைகூட இல்லை. ஒளிவதும் கவனிப்பதும் கண்டதைத் தகவலாக அனுப்புவதும்தான் பெரும்பகுதி. பயிற்சியில் ஒரு சோதனை உண்டு. தொலைநோக்கியோடு தேடிக்கொண்டிருக்கும் பயிற்றுநர்களை நோக்கிப் புல்லுக்குள் தவழ்ந்து நெருங்கி, வெற்றுத் தோட்டாவைச் சுட்ட பிறகும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நார்களும் இலைதழையும் தொங்கும் 'கில்லி' உடை இதற்குத்தான். (நம் கிட்டிப்புள் கில்லி வேறு; இது ஸ்காட்லாந்தில் வேட்டைக்குத் துணைபோகும் ஆட்களின் பெயர்.) கூடவே தூரமும் காற்றும் கணித்துச் சொல்ல ஒரு துணைவர் இருப்பார். பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்115ஏ3 துப்பாக்கி 8.59 மி.மீ. குண்டை 1,100 மீட்டர் வரை நம்பகமாக அனுப்பும். 2017-இல் ஈராக்கில் கனடா வீரர் ஒருவர் 3,540 மீட்டரிலிருந்து சுட்டபோது, குண்டு போய்ச் சேரவே 10 நொடி அளவுக்கு ஆனதாகச் செய்தி வந்தது.

போலீஸ் பக்கம் வந்தால் தூரம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான். ஆனால் அங்கே குற்றவாளிக்குப் பக்கத்திலேயே பணயக்கைதி நிற்பார். நடுவில் சன்னல் கண்ணாடி இருக்கும். கண்ணாடியில் பட்ட குண்டு திசை மாறும் என்பதால் அதற்கென்றே தனிப் பயிற்சி. முதல் குண்டு பிசகினால் போர்க்களத்தில் இடம் மாறிக்கொள்ளலாம். இங்கே ஒரு உயிர் போய்விடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் விசாரணையில் பதில் சொல்லவும் வேண்டும். மணிக்கணக்கில் சுடாமல் காத்திருக்கத் தெரிவதே இங்கே முக்கியத் தகுதி.

இந்த வேறுபாட்டை உலகத்துக்குக் கசப்பாகக் காட்டியது 1972 மியூனிக் ஒலிம்பிக். இஸ்ரேல் அணியினரைப் பாலஸ்தீன ஆயுததாரிகள் பணயக்கைதிகளாகப் பிடித்து, ஊருக்கு வெளியே ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் விமானத்தளத்துக்கு வந்திருந்தார்கள். ஆயுததாரிகள் எட்டுப் பேர். அவர்களைக் குறிவைத்த போலீஸார் ஐந்தே பேர். யாருக்கும் ஸ்னைப்பர் பயிற்சி இல்லை. கையில் சாதாரண ராணுவ ஜி3 துப்பாக்கி. தொலைநோக்கியும் இல்லை, இரவில் பார்க்கும் கருவியும் இல்லை, ஒருவரோடொருவர் பேச வயர்லெஸ்கூட இல்லை. அங்கே இருந்த ஒன்பது பணயக்கைதிகளும் ஒரு காவலரும் இறந்தார்கள். அதே மாதம் ஜெர்மனியில் பயங்கரவாத எதிர்ப்புக்கான ஜிஎஸ்ஜி 9 போலீஸ் படை உருவாக்கப்பட்டது. பின்னர் போலீஸ் தேவைக்கென்றே ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் பிஎஸ்ஜி1 துப்பாக்கியைச் செய்தது. எடை 7 கிலோவுக்கு மேல். வெற்றுத் தோட்டா உறையைப் பக்கவாட்டில் பத்து மீட்டர் வரை வீசியெறியும். மாடியில் நிற்கும் போலீஸ்காரருக்கு இது பொருட்டே இல்லை. புதருக்குள் கிடக்கும் சிப்பாய்க்கோ, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்!

ஜெர்மானியர் பெயரிலேயே பிரித்துவிட்டார்கள். ராணுவத்தில் இருப்பவர் 'ஷார்ஃப்ஷூட்சே', போலீஸில் இருப்பவர் 'பிரெட்சிசியோன்ஸ்ஷூட்சே', அதாவது துல்லியமாகச் சுடுபவர். வேலி மறைவிலிருந்து சுடுபவர் என்ற பொருளில் 'ஹெக்கன்ஷூட்சே' என்றும் ஒரு சொல் உண்டு. அது வசைக்கு நெருக்கமானது.

சரி, தமிழுக்கு வருவோம். 'குறிபார்த்துச் சுடுபவர்' என்பது பலரும் எழுதுவது. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குபவரும் குறிபார்த்துத்தானே சுடுகிறார்? 'மறைந்திருந்து சுடுபவர்' பொருளில் சரிதான். ஆனால் வாலி வதை கேட்டு வளர்ந்த காதில் மறைந்து நின்று தாக்குவது என்றாலே ஒரு குற்றச்சாட்டு ஒலிக்கும். ஈழத்தில் பேச்சு வழக்கில் 'சினைப்பர்' என்பார்கள். எழுத்தில் 'பதுங்கிச்சூடு' புழங்கியது. எனக்கு இதுவே நல்ல சொல்லாகப் படுகிறது. உள்ளானும் பதுங்கும், அதைத் தேடிப் போகிறவனும் பதுங்குவான்.

ஆகவே ராணுவத்தில் இருப்பவரைப் 'பதுங்கிச் சுடுநர்' என்று எழுதலாம். மாடியில் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கும் காவலருக்கு அந்தச் சொல் ஒட்டாது. அவர் பதுங்கவே இல்லை. அவருக்குத் 'துல்லியச் சுடுநர்' போதும். எந்தப் படை என்று தெரியாத செய்தியில் ஸ்னைப்பர் என்றே விட்டுவிடலாம். தவறான தமிழ்ச் சொல்லைவிட அது மேல்.