‘நெகட்டிவ்’ என்றால் அடி அல்ல

நாய்ப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பலர் இப்போது கலைச்சொற்களோடு வருகிறார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டால் அந்த வலியைச் சுமப்பது நாய். அண்மையில் ஒன்றரை வயது லாப்ரடாரை அழைத்து வந்த ஒருவர், “நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கொடுத்துப் பார்த்துட்டேன் சார், சரிப்பட்டு வரலை” என்றார். நாய் இழுக்கும்போதெல்லாம், கழுத்தை இறுக்கும் சங்கிலியான சோக் செயினைச் சுண்டியிருக்கிறார். செயினை விலக்கிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது.

உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் வழிவந்த இச்சொற்களில் பாசிட்டிவ் என்பது நல்லதையும் நெகட்டிவ் என்பது கெட்டதையும் குறிப்பவை அல்ல. ஒன்றைச் சேர்ப்பது பாசிட்டிவ், இருப்பதை விலக்குவது நெகட்டிவ். ஒரு செயல் பெருகினால் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், குறைந்தால் பனிஷ்மென்ட். உட்கார்ந்த நாய்க்குப் பிஸ்கட் தருவது பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பின்புறத்தை அழுத்திப் பிடித்திருந்து, அது உட்கார்ந்ததும் கையை எடுப்பதே நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். இழுப்பதை நிறுத்தச் செயினைச் சுண்டுவதோ பாசிட்டிவ் பனிஷ்மென்ட். பெயரில் ‘பாசிட்டிவ்’ இருந்தாலும் வலி வலிதான். அந்த லாப்ரடாருக்கு நாங்கள் செயினைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸைப் போட்டோம். வார் இறுகினால் நின்றோம், தளர்ந்தால் நடந்தோம். முன்னே போகும் வாய்ப்பை விலக்கும் இந்த நெகட்டிவ் பனிஷ்மென்டில் வலி இல்லை.

‘ஆல்ஃபா’ என்ற சொல்லும் இப்படித்தான் தீங்கு செய்கிறது. கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவனே ஆல்ஃபா, நாயிடம் நாம் அப்படி இருக்க வேண்டும் என்பார்கள். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து இது. இதைப் பரப்பியதில் பங்குள்ள ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வாசலில் முந்துகிற நாய் தலைமைக்குப் போட்டியிடவில்லை, வெளியே போகத் துடிக்கிறது, அவ்வளவே. அதைத் தரையில் புரட்டி அமுக்கினால் அது கற்பது அச்சத்தை மட்டுமே.

‘கம்’ என்ற கட்டளைக்கு அந்த லாப்ரடார் வாலைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தது. விசாரித்தால், குளிப்பாட்டவும் அதட்டவும் மட்டுமே அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி “இங்க வாடா” என்றதும் அதே நாய் ஓடி வந்தது. அவர் கையில் எப்போதும் ஒரு துண்டு இட்லி இருக்கும். ஆகவே ‘கம்’மைக் கைவிட்டு, “இங்க வாடா” என்பதையே ரீகால் சொல்லாக, அதாவது நாயை நம்மிடம் திரும்ப அழைக்கும் சொல்லாக, வைத்துக்கொண்டோம்.