ஃபால்அவுட்டுக்கு தமிழ்ல என்ன வார்த்தை?

ஃபால்அவுட்னு சொன்னா இப்ப நிறைய பேருக்கு 2024ல வந்த சீரிஸ் தான் ஞாபகம் வருது, அதுக்கு முன்னாடி ஆளுங்களுக்கு 2008ல வந்த மூணாவது வீடியோ கேம். எனக்கு 1997ல இன்டர்ப்ளே வெளியிட்ட முதல் கேம் தான். மேலேர்ந்து சாய்வா பாக்கற மாதிரி படம், ஒவ்வொரு அடியா யோசிச்சு எடுத்து வைக்கற சண்டை, இன்னிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து ஆடிடுவேன். ஏன் இது இன்னும் விட மாட்டேங்குதுன்னு யோசிச்சா பதில் அந்த பேருலயே இருக்குன்னு தோணுது, அதனால முதல்ல வார்த்தைய பாத்துடலாம்.

இங்கிலீஷ்ல இது நேரடியா "வெளிய விழறது". ரெண்டு பேர் சண்டை போட்டு பிரியறதுக்கும் சொல்வாங்க, வரிசைல நிக்கற சிப்பாய்ங்க கலையறதுக்கும் சொல்வாங்க. அணுகுண்டு சோதனைங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான் புது அர்த்தம் ஏறுச்சு. குண்டு தரைக்கு பக்கத்துல வெடிச்சா அந்த நெருப்புக்கோளம் மண்ணையும் கல்லையும் உறிஞ்சி ஆவியாக்கிடும், அந்த ஆவி மேல போய் குளிரும்போது அணு பிளந்ததுல வந்த கதிரியக்கப் பொருள் எல்லாம் அதோட ஒட்டிக்கிட்டு தூளா மாறும், காத்து எங்க இழுக்குதோ அங்க போய் விழும். அந்த விழற தூள் தான் ஃபால்அவுட்.

உலகம் பூரா இந்த வார்த்தைய தெரிஞ்சுக்கிட்டது 1954 மார்ச் 1க்கு அப்புறம். பிகினி தீவுல அமெரிக்கா வெடிச்ச காஸில் பிராவோ குண்டு, 6 மெகாடன் வரும்னு கணக்கு போட்டாங்க, வந்தது 15. பவளப்பாறையே தூளாகி வெள்ளையா விழுந்துச்சு. ரோங்கலாப் தீவுல அது என்னன்னு தெரியாம குழந்தைங்க அதுல விளையாடிச்சுங்க. 23 பேரோட போன ஒரு ஜப்பான் மீன்பிடி படகு மேலயும் விழுந்துச்சு, அந்த படகோட ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர்ல இறந்துட்டார். ஜப்பான்காரங்க இங்கிலீஷ் வார்த்தைக்காக காத்துட்டு இருக்கல, அவங்களே "ஷி நோ ஹாய்"னு பேர் வச்சாங்க. சாவுச் சாம்பல். பட்டவங்க வச்ச பேர் அது.

அப்புறம் அந்த வார்த்தை கதிர்வீச்சு இல்லாத விஷயத்துக்கும் போச்சு. ஒரு அரசியல் முடிவு எடுத்தா அதுக்கு அப்புறம் வர்ற தலைவலி எல்லாம் ஃபால்அவுட் தான், அதாவது பின்விளைவு. ஆக மேலேர்ந்து விழற தூள், செஞ்சதுக்கு அப்புறம் வர்றது, ரெண்டும் ஒரே வார்த்தைல.

கேமுக்கு முதல்ல இந்த பேர் இல்ல. டிம் கெய்ன் 1994ல தனியா உக்காந்து எழுத ஆரம்பிச்சது, "வால்ட் 13"னு ஒரு பேர் ஓடிட்டு இருந்துச்சு, இன்டர்ப்ளே தலைவர் பிரையன் ஃபார்கோ தான் ஃபால்அவுட்னு வைக்கலாம்னாரு. கதை இது தான்: 2077ல அணுப்போர், 2161ல தெற்கு கலிஃபோர்னியால ஒரு நிலத்தடி காப்பறைல தண்ணி சுத்தம் பண்ற சிப் கெட்டுப்போச்சு, 150 நாளைக்குள்ள வேற சிப் கொண்டா.

அந்த சிப் நெக்ரோபோலிஸ்ல இருக்கு, பழைய பேக்கர்ஸ்ஃபீல்டு ஊர். கதிர்வீச்சுல தோல் உரிஞ்சு போயும் சாகாம கிடக்கற கூல் ஜனங்க அங்க. முதல் தடவை நான் போனப்ப சிப்ப கண்டேன், எடுத்தேன், வந்தேன், எங்க காப்பறை பொழைச்சுச்சுன்னு சந்தோஷம். அந்த ஜனங்களும் அதே சிப்பால தான் தண்ணி குடிச்சிட்டு இருந்தாங்கன்னு அப்புறம் தான் ஒறச்சுது. கீழ சாக்கடைல ஒளிஞ்சிருக்கற கூல்கள்ட்ட நின்னு பேசியிருந்தா, பழைய பம்ப் ஒண்ணு இருக்கு, அத சரி பண்ணிட்டு சிப்ப எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பாங்க, பம்ப்புக்கான சாமானும் அந்த சாக்கடையிலயே கிடக்கு. நான் பேசல. கேம் என்னைய தடுக்கவும் இல்ல, திட்டவும் இல்ல, எடுத்துட்டு போன்னு விட்டுடுச்சு.

இன்னொண்ணு. நாள் பத்தலன்னா ஹப் ஊர்ல தண்ணி வியாபாரிங்களுக்கு சோடா மூடி (அது தான் அங்க காசு) எண்ணி குடுத்து நம்ம காப்பறைக்கு தண்ணி அனுப்பலாம், கூட 100 நாள் கிடைக்கும். ஆனா வண்டி போன தடத்த வச்சு எதிரிங்க காப்பறைய சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவாங்க, முதல்ல வந்த பதிப்புல இது உசுருக்கே ஆபத்து. நல்லதுன்னு நெனச்சு செஞ்சதுக்கும் பின்விளைவு உண்டு. கிராஃபிக்ஸ் பழசாயிடும், இது பழசாகல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? "வீழ்படிவு"ன்னு சொல்லலாம்னு பாத்தா பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல சால்ட் அனாலிசிஸ் பண்ணவங்களுக்கு டெஸ்ட் டியூப் அடில நிக்கற வெள்ளை வீழ்படிவு தான் கண்ணுல வரும். "பொழிவு" மழை மாதிரி, சொற்பொழிவு மாதிரி, கேக்கவே இதமா இருக்கு, சாவுக்கு ஒட்டல. "கதிர்த்தூசி" பாதி சரி, ஆனா ரெண்டாவது அர்த்தம் காணாம போயிடுது. "பின்விளைவு"ல தூள் இல்ல.

நான் சொல்ற வார்த்தை எச்சம். எஞ்சு-ங்கற வினைலேர்ந்து வந்தது, மிஞ்சி நிக்கறது. பறவை எச்சம்னா மேலேர்ந்து விழறதும் ஆச்சு. சில பேர் இதுக்காகவே வேண்டாம்பாங்க, எனக்கு அது தான் பொருத்தமா படுது, அண்ணாந்து பாக்கறதுக்குள்ள மேல விழுந்து அசிங்கம் பண்ணிட்டு போறது தானே இதுவும். அப்புறம் குறள், "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்". இங்க எச்சம்னா விட்டுட்டு போற புகழ் பழின்னு சில உரை, பிள்ளைங்கன்னு சில உரை.

ரெண்டு உரையும் இந்த கேம்ல இருக்கு. கதையோட வில்லன் மாஸ்டர்ங்கறவன், மனுஷங்கள எல்லாம் சூப்பர் மியூட்டன்டா, அதாவது உருமாறின ராட்சசங்களா, மாத்தி ஒரே இனமாக்கிட்டா போரே வராதுன்னு நம்பறான். அவன துப்பாக்கி இல்லாமயே ஜெயிக்கலாம். பிரதர்ஹுட்ங்கற கூட்டத்துல வ்ரீங்கற ஆராய்ச்சியாளர்கிட்ட ஆதாரம் வாங்கிட்டு வந்து, உன் மியூட்டன்டுங்களுக்கு குழந்தை பிறக்காதுன்னு காட்டணும். அவ்ளோ தான். தன் இனத்துக்கு எச்சமே கிடையாதுன்னு தெரிஞ்சதும் நீ போயிடுன்னு நம்மள அனுப்பிட்டு தன்னையே அழிச்சுக்கறான். அந்த உரையாடல் வர்றப்ப எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். அதுக்கப்புறம் கடைசில ஒவ்வொரு ஊரா காட்டி உன்னால இந்த ஊர் என்ன ஆச்சுன்னு சொல்லுவாங்க. ஷேடி சாண்ட்ஸ்னு ஒரு சின்ன கிராமம், நாம காப்பாத்தின டாண்டிங்கற பொண்ணு, ரெண்டாவது கேம்ல பாத்தா அந்த கிராமம் ஒரு குடியரசா வளந்து நிக்குது, அதுக்கு அவங்க தான் தலைவர்.

அதனால: கதிர் + எச்சம் = கதிரெச்சம், விழற தூளுக்கு. வெறும் எச்சம், பின்விளைவுக்கு. "பிகினி கதிரெச்சம் ரோங்கலாப்ல விழுந்துச்சு", "அந்த ஒப்பந்தத்தோட எச்சம் இன்னும் தீரல", ரெண்டும் வாய்க்கு சரியா வருது. காப்பறைய கதிரெச்சக் காப்பறைன்னு சொல்லலாம், கொஞ்சம் நீளம் தான். கேம் பேர மட்டும் மாத்த வேண்டாம், அது ஊர் பேர் மாதிரி, ஃபால்அவுட்னே இருக்கட்டும்.